மணிப் பலகையில் பெயர் இல்லாத நோயாளி

வாஸ்கோ ரெஜியானி ஆள் அலமாரி மாதிரி இருப்பார். இத்தாலியில் மோதெனா ஊருக்கு வெளியே, பன்றித்தொடையில் எலும்பெடுத்து உப்பில் போடுகிற ஆலையில் மீசை முளைத்த நாளிலிருந்து வேலை. கத்திக்குப் பயம் கிடையாது, குளிர்க் கிடங்குக்குப் பயம் கிடையாது. பொண்டாட்டி தில்தேவிடம் கொஞ்சம் பயம் உண்டு, அது கணக்கில் சேராது. அவர் நிஜமாக நடுங்கியது ஒருத்தருக்குத்தான்: மருத்துவ விடுப்பில் இருப்பவன் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பி வைக்கிற டாக்டர்.

அந்த டாக்டர் மருந்து கொடுக்க வருவதில்லை. நீ நிஜமாகவே படுத்திருக்கிறாயா என்று பார்க்க வருகிறவர். காலையில் பத்திலிருந்து பன்னிரண்டு, மாலையில் ஐந்திலிருந்து ஏழு. ஞாயிறு, பண்டிகை எதுவும் விலக்கில்லை. அந்த நேரத்தில் நோயாளி வீட்டில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதலில் சம்பளம் போகும், அப்புறம் வேலையே போகலாம். வாஸ்கோவின் பக்கத்து மேசைக்காரன் லோரிஸ் காதுவலி என்று விடுப்பு எடுத்துவிட்டுக் காப்பிக் கடையில் சீட்டாடப் போனான். போன நேரம் பார்த்து வீட்டில் மணி அடித்தார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே மாட்டினான். இப்போது மச்சினனின் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறான்.

அதனால் வாஸ்கோ விடுப்பே எடுத்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார், பல்லைப் பிடுங்கின வாயோடு போயிருக்கிறார். ஆனால் முதுகுத் தண்டில் ஒரு வட்டு நழுவினால் மனுஷன் என்ன செய்வான்? செருப்பை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

வேலை ஆரம்பிக்குமுன் ஃபோர்மேனுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். கண்ணாடி முன்னால் நின்று, பெண் கேட்கப் போகிறவன் மாதிரி ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போன் போட்டார்.

"வாஸ்கோ, நீயுமா?" என்றான் ஃபோர்மேன். "முட்டை பொறுக்க இன்னொரு ஆள் வேணும்னு லோரிஸ் சொல்லிட்டிருந்தான்."

வாஸ்கோவும் சிரித்து வைத்தார். சிரித்ததில் முதுகு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

குடும்ப டாக்டர் வந்து சான்றிதழ் எழுதினார். "விலாசம் எல்லாம் பழசுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார் வாஸ்கோ. தப்பு நடந்தது அங்கேதான். மறுநாள் தில்தே ரொட்டிக்கடை வேலைக்குப் போன பிறகு, மணி பத்தாகப் போகும்போதுதான் அது மண்டையில் இடித்தது. தெருக்கதவில், வீட்டுக்கு ஒரு பொத்தானும் பெயருமாக இருக்கிற மணிப் பலகையில் ரெஜியானி என்று ஒருத்தனே இல்லை! வீடு மாமனாருடையது. மனுஷர் செத்துப் பல காலமாகியும் நாலாவது மாடி மணியில் அவர் பெயர் 'மாலகோலி'தான். தபால்காரனுக்குத் தெரியும், கடன்காரனுக்குக்கூடத் தெரியும். வரப்போகிற டாக்டருக்கு எப்படித் தெரியும்? தேடுவார், காணோம் என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

வாஸ்கோ ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதினார், ஒட்டும் நாடாவைப் பல்லில் கடித்தார், வீட்டுக் கதவைத் திறந்தே போட்டுவிட்டுக் படிக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். லிஃப்ட் இல்லாத வீடு. ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு புனிதரைக் கூப்பிட்டார், சில பேரைத் திட்டவும் செய்தார். கீழே போய்த் தாளை ஒட்டிவிட்டுத் திரும்பினார். முதல் மாடியைத் தாண்டியதும் முதுகு பூட்டிக்கொண்டது. மேலேயும் முடியவில்லை, கீழேயும் முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்தார்.

அப்போது மேலே, அவர் வீட்டில், மணி அடித்தது.

வெறும் வீட்டில் மணி அடிக்கிற சத்தம். நின்றது. மறுபடி அடித்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. இன்னொரு தடவை நின்றால் அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும்.

"இங்க இருக்கேன்! இருக்கேன்!" என்று கத்தினார்.

இரண்டாவது மாடி ஆர்ஜியா அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எதுக்குடா பன்றி மாதிரி கத்துற? போலீஸா?"

"அதுக்கும் மேல! தெருக்கதவைத் திறந்து விடு, கும்பிடுறேன்!"

அவள் தன் வீட்டுக்குள் போய்த் தெருக்கதவைத் திறக்கிற பொத்தானை அமுக்கினாள். உள்ளே வந்தது ஒரு சின்ன வயசுப் பெண், நனைந்த குடையோடு, கையில் பையோடு. யாரும் திறக்காததால் போகத்தான் திரும்பியிருந்தாள்.

"ரெஜியானி வீடு எதுங்க?"

"நான்தாம்மா அது."

டாக்டர் அவரைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "நீங்க வீட்டுல இல்லையே."

"இதே கட்டடம்தானே, டாக்டரம்மா! பேரை ஒட்டத்தான்..."

"படி எல்லாருக்கும் பொதுங்க. வீட்டுக்குள்ள பார்த்தேன்னாதான் நான் எழுத முடியும்." குரல் தழைந்தது. "இந்த மாசம் எல்லாரும் வீட்டுல இருந்தாங்கன்னே எழுதுறியே, கண்ணை மூடிட்டுப் பார்க்கிறியான்னு மேலதிகாரிங்க கேட்கிறாங்க. பன்னிரண்டு வரைக்கும் நேரம் இருக்கு. ஏறுங்க."

"ஏற முடிஞ்சா நான் ஏம்மா விடுப்புல இருக்கேன்?"

அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

"உன் மகன் ஞானஸ்நானத்தன்னிக்குக் குடிச்சிட்டே நாலு மாடி ஏறினவன்தானே," என்றாள் ஆர்ஜியா. "இப்ப கசக்குதா? குட்டிபோட்ட நாய் மாதிரி நாலு காலுல ஏறு. நான் பின்னாலிருந்து தள்ளுறேன்."

அப்படித்தான் ஏறினார். அலமாரி மாதிரி ஆள், முழங்காலும் கையுமாக. பின்னால் கிழவி. அதற்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு அரசாங்கம். மூன்றாவது மாடியில் வாஸ்கோ அழுதார். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஆர்ஜியா தள்ளிக்கொண்டே இருந்தாள்.

வாசற்படியைத் தாண்டி நடையில் விழுந்தார்.

"காலும் உள்ள வரணுங்க," என்றாள் டாக்டர், ரொம்ப மெதுவாக.

ஆர்ஜியா காலைத் தூக்கி உள்ளே போட்டாள். டாக்டர் மண்டியிட்டு முதுகைத் தொட்டதும் அவர் அலறிய அலறலுக்கு அப்புறம் பரிசோதனைக்கு வேலை இல்லை. 'வீட்டில் இருந்தார்' என்று எழுதினாள்.

"இனிமே வர மாட்டீங்களே?" என்று தரையிலிருந்தே கேட்டார் வாஸ்கோ.

"நான் வர மாட்டேன். வேற யாராச்சும் வரலாம். சாயங்காலமேகூட."

மதியம் தில்தே வந்தபோது புருஷன் நடையில் தரையோடு தரையாகக் கிடந்தார். கதையைக் கேட்டாள். வழக்கம் போலத் திட்ட ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எந்திரி, கட்டிலுக்குப் போலாம்."

"கட்டில் உள்ள இருக்கு. மணி இங்க இருக்கு. தூங்கிட்டேன்னா கேக்காது."

தில்தே மெத்தையை இழுத்துவந்து அவருக்குக் கீழே தள்ளினாள். மாலை வேலைக்கு வரவில்லை என்று கடைக்குப் போன் போட்டாள். காரணம் கேட்டதற்கு, "வீட்டுல ஆள் சரியில்ல," என்றாள். அப்புறம் சுவரில் சாய்ந்து, மணிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"நீ தூங்கு. நான் கேட்டுக்கிறேன்."

வாஸ்கோ கண்ணை மூடினார். தூங்கவில்லை. அவளும் அதைக் கண்டுகொள்ளவில்லை.