புள்ளத்தாச்சி கைப் போணி

ஜவுளிக்கடையில் உட்கார உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர்: சேலை எடுக்க வந்தவரும் கல்லாவில் இருப்பவரும். நிறைமாத வயிற்றோடு கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த சகோதரிகளே, எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்துக் கடையொன்றில் நான் பட்டது உங்களுக்குப் புரியும். முதல் பிள்ளை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூல், அவ்வளவுதான்.

பின்னால் போ

ஏழாம் மாதம் வயிறு தெரிய ஆரம்பித்ததும், முதலாளி என்னை வாசலிலிருந்து உள்ளே பாவாடைத் துணிப் பக்கம் தள்ளினார். வாசலில் நிற்கிற பெண் லட்சணமாக இருக்க வேண்டுமாம். சரி, அங்கேயாவது ஒரு ஸ்டூல் போடுங்கள் என்றேன்.

"நீ உக்காந்தா நாளைக்கு அம்புட்டுப் பிள்ளையளும் உக்காரும். பொறவு இது கடையா, கல்யாண வீடா?"

முன்னால் வா

வத்திராயிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மாள், மகள் வளைகாப்புக்குச் சேலை கேட்டார். உள்ளே என்னைப் பார்த்துவிட்டு, புள்ளத்தாச்சி கையால் எடுத்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று நின்றுவிட்டார். அன்றைக்கென்று வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து தினமும் முதல் போணி என் கையால்தான். கல்லாவுக்குச் சூடம் காட்டிய கையோடு எனக்கும் ஒரு சுற்றுச் சுற்றி, "மகாலச்சுமி" என்றார் முதலாளி.

கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். மகாலட்சுமியே தாமரையில் சௌகரியமாக உட்கார்ந்துதானே இருக்கிறாள்?

"அவிய கல்லாப் பக்கம்மா. நீ கவுண்டர் பக்கம்."

வயிற்று ஜோசியம்

எட்டாம் மாதத்தில் வயிறு ஊர்ப் பொதுச்சொத்து. கூர்மையாக இருந்தால் பையன், உருண்டையாக இருந்தால் பெண். மடவார் வளாகத்திலிருந்து வந்த மாமியாரும் மருமகளும் என் வயிற்றை வைத்துச் சண்டையே போட்டார்கள். வீங்கிய காலை ஒருத்தரும் பார்க்கவில்லை. கடைசியில் மாமியார் என்னிடமே தீர்ப்புச் சொன்னார்:

"பொம்பளப் பிள்ளைதான். ஏட்டி, அந்த மேல்தட்டுல அரக்குச் சேல இருக்கே, ஸ்டூல் போட்டு ஏறி எடு."

ஆக, கடையில் ஸ்டூல் இருந்திருக்கிறது. ஏறுவதற்கு மட்டும்.

டாக்டரம்மா உத்தரவு

ஒன்பதாம் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் பாதத்தில் விரலை அழுத்தினார். விழுந்த குழி மேலே வரவே இல்லை. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, நிற்காதே, பிள்ளைக்கே ஆபத்து என்று கத்தினார். பயந்து போனேன். அழுதுகொண்டே முதலாளியிடம் லீவு கேட்டேன். ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றார்.

"டாக்டரம்மாவுக்கு என்ன, அவியளுக்கு உக்காந்த இடத்துலயே பொழப்பு."

முந்தானை

தள்ளுபடி முடியவில்லை, வலி வந்துவிட்டது. வ. புதுப்பட்டியிலிருந்து வந்த கல்யாணக் கூட்டத்துக்குப் பட்டுச்சேலை விரித்துக்கொண்டிருந்தேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். பெண்ணின் அத்தை பதறி எழுந்தார்.

"ஐயோ தாயி! செத்த பொறு, அந்த முந்திய மட்டும் விரிச்சுக் காட்டிட்டுப் போயிரு."

அன்றுதான் அந்தக் கடையில் முதன்முதலாக உட்கார்ந்தேன். முதலாளியின் நாற்காலியிலேயே உட்கார வைத்துத் தூக்கிக் காரில் ஏற்றினார்கள்.

பார்க்க வந்தவர்

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் அழுகைச் சத்தம் வார்டையே எழுப்பியது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. முதலாளி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"நீ வராம போணியே மந்தமாயிருச்சு. அடுத்தது எப்பம்மா?"

அடுத்தது பிறக்கும் முன் வேறு கடையில் வேலை கேட்டுப் போனபோது, சம்பளம் எவ்வளவு என்பதை நான் இரண்டாவதாகத்தான் கேட்டேன்.