கடையில் ஒரு ஸ்கோர், வீட்டில் ஒரு ஸ்கோர்

பிளான் அக்கா என் கடை மேசைமேல் விரித்த தாள், ஏதோ ஒரு வீட்டு வரைபடத்திலிருந்து வெட்டிய மிச்சம். அதன் ஓரத்தில் பென்சிலால் இரண்டு எண்கள் எழுதியிருந்தார். மேலே இருந்தது, பழைய ஓ.எஸ்., அதாவது பழைய இயங்குதளம் இருந்தபோது அவருடைய லேப்டாப் வேகச் சோதனையில் வாங்கிய ஸ்கோர். கீழே இருந்தது, நான் புது ஓ.எஸ். போட்டுக் கொடுத்ததற்கு மறுநாள் அதே சோதனையில் வாங்கியது. மேலே இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடக் கீழே இல்லை. “புதுசு போட்டா மொதல்ல கொஞ்சம் ஸ்லோவா இருக்கும்னு சொன்ன. இவ்ளோ கம்மியாவுமாம்மா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கட்டி முடித்த சுவர் கோணலாக இருக்கிறது என்று மேஸ்திரியிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். பின்னால் நின்றிருந்த அவருடைய கணவரின் முகம் மட்டும் அவ்வளவு நிதானமாக இல்லை.

செங்கம் சாலையில் நான் கடை திறந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. லேப்டாப் ரிப்பேர் கடையில் ஒரு பெண் திருப்புளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “வேலை செய்யறவர் எப்ப வருவாரு?” என்று கேட்டவர்கள் நிறைய பேர். அந்தச் சாலையில் இருக்கும் ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் முதலில் தயங்காமல் வந்தார்கள். ஊர்க்காரர்களில் அப்படி வந்த முதல் ஆள் அக்கா. சிவில் டிப்ளமோ படித்தவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் முளைத்த புது மனைகளில் பாதி வீடுகளுக்கு அவர்தான் பிளான் போட்டிருந்தார். அதனால் எல்லோருக்கும் அவர் பிளான் அக்கா. வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டரிலேயே கட்டி, வாசலில் நுழைந்து சமையலறை வழியாக மாடிக்குப் போவதுபோல வீடியோவாகக் காட்டுவார். அந்த வீடியோவைப் படம் படமாக உருவாக்கி ரெண்டர் செய்து முடிக்க, நல்ல வேகத்தில் ஓடும் லேப்டாப்புக்கே ஒரு முழுப் பகல் பிடிக்கும்.

எதையும் அளக்காமல் அவர் நம்பமாட்டார். “இந்த மேசை கொஞ்சம் சின்னதுக்கா” என்று நான் சொன்னால், “டேப் வெச்சுப் பாத்தியா?” என்பார். டீக்கடையில் யாராவது இந்த ஆண்டு வெயில் ஜாஸ்தி என்றால் அவரிடமும் அதே கேள்விதான். லேப்டாப் வாங்கும்போதே பிராசசரின் ஸ்கோரைப் பார்த்துத்தான் வாங்கினாராம். மாதத்துக்கு ஒருமுறை தானே சோதனையை ஓட்டிக் குறித்து வைப்பார். பழைய ஓ.எஸ்.ஸில் அவருடைய மென்பொருளின் புதுப் பதிப்பு ஓடாது என்று ஆனபோது, அதை மாற்றிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. வந்த அப்டேட் எல்லாவற்றையும் ஏற்றி, இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தேன். அதற்கு மறுநாள்தான் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

லேப்டாப்பை மேசையில் வைத்து, என் சார்ஜரைச் செருகிச் சோதனையை ஓட்டினேன். பழைய எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஸ்கோர் வந்தது. அக்காவின் புருவம் உயர்ந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார். அதே எண். “புது ஓ.எஸ். வந்ததும் ஒரு நாள் ரெண்டு நாள் உள்ளே இருக்கற ஃபைலையெல்லாம் அடுக்கிக்கிட்டு இருக்கும்கா, அப்ப வேகம் கொறையும். இப்ப சரியாயிடுச்சு” என்றேன். நம்பித்தான் சொன்னேன். அன்று மாலையே வீட்டிலிருந்து போன் வந்தது. மறுபடி பழைய கதை.

அடுத்த பத்து நாட்கள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா கொண்டுவருவார். சூடு ஏறி வேகம் குறைகிறதோ என்று விசிறியைக் கழற்றித் தூசி தட்டினேன், பிராசசர்மேல் புதுப் பேஸ்ட் தடவினேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பில் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று அதைப் பார்த்தேன். புது ஓ.எஸ். தானாக இயக்கிவிட்ட பாதுகாப்பு வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தியும் இயக்கியும் பார்த்தேன். டிரைவர் மென்பொருள்களையெல்லாம் அழித்துத் திரும்ப ஏற்றினேன். எதைச் செய்தாலும், எதையும் செய்யாமல் விட்டாலும், என் கடையில் அது குதிரைபோல ஓடியது. வேங்கிக்கால் போனதும் படுத்துக்கொண்டது. மூன்றாம் முறை வந்தபோது அக்காவின் கணவர் கேட்டேவிட்டார்.

“தப்பா நெனைக்காதம்மா. உள்ள இருந்தத எடுத்துட்டு வேற ஏதாவது போட்டுட்டியா? இங்க வந்தா மட்டும் எப்படி ஓடுது? நாங்க பாக்கும்போது ஓடறாப்பல ஏதாவது பண்ணி வெச்சிருக்கியா?”

அக்கா அவரை முறைத்தார். ஆனால் ‘அப்படியெல்லாம் இருக்காது’ என்று சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அளக்காத ஒன்றை அவர் எனக்காகக்கூடச் சொல்லமாட்டார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. பிராசசரின் பெயரைத் திரையில் காட்டினேன். அது போர்டோடு சேர்த்து ஒட்டியது, கழற்றவே முடியாது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு போனார்கள்.

அக்காவின் கணவர் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. தினமும் அதே ஆட்கள்தான் ஏறுவார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு மண்டிக்கு வருகிறவர்கள். செங்கம் ரோட்டுக் கடையில் ஒரு பெண் லேப்டாப்பில் சாமானை மாற்றிவிடுகிறாள் என்று அவர் சொல்லியிருக்கிறார். திரையை மாற்ற என்னிடம் கொடுத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் தன் அப்பாவோடு வந்து, பிரித்தது பிரித்தபடியே வாங்கிக்கொண்டு போனாள். “வேன்ல பேசிக்கிறாங்க” என்று மட்டும் அந்த அப்பா சொன்னார். அந்த வாரம் ஊர்க்காரர் ஒருவர்கூடக் கடைப்படி ஏறவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகும்போது, ஒருவேளை நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. கை தப்பு செய்திருந்து எனக்குத் தெரியாமல் இருக்குமோ என்ற பயம், அடுத்தவர் சொல்லும் பழியைவிட மோசமாக இருந்தது.

அக்காவுக்கு என்னைவிடப் பெரிய நெருக்கடி. ஒரு வீட்டுக்குப் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குமுன் வீடியோவைப் பார்த்து அந்தக் குடும்பத்தின் பெரியவர் சரி சொல்லவேண்டும். ஒரு பகலில் முடியவேண்டிய ரெண்டர் மூன்று நாளாகியும் பாதியில் நின்றது. அவர் வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு காலை போனில், “இங்க அளந்தா ஒரு அளவு, அங்க அளந்தா ஒரு அளவு. மெஷின் ஒண்ணுதான். அப்ப எடத்துலதான் ஏதோ கீது. நீ கெளம்பி வா, வந்து எங்க வீட்ல அள” என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பினேன்.

சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலோரமாக மேசை, சுருட்டிய வரைபடங்கள், ஸ்கேல்கள். நான் போனபோது அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேசைக்குப் போனார். மேசையைத் துணியால் துடைத்தார். நாற்காலியைச் சரியாகத் தள்ளி வைத்தார். ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து மூடினார். லேப்டாப்பைத் திறந்து, சார்ஜர் சுவிட்சைப் போட்டு, ஆன் செய்தார். காலையில் வேன் எடுக்கப் போகுமுன் அவர் தினமும் செய்கிற வேலை இது என்று பார்த்தாலே தெரிந்தது. மனைவி வந்து உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கவேண்டும். திரை கறுப்பாக இருந்து, ஏதோ வெள்ளையாகத் தோன்றியது. அவர் கண்ணைக்கூட அந்தப் பக்கம் திருப்பாமல் ஒரு விரலால் எண்டரைத் தட்டினார்.

“அண்ணே, இப்ப என்னத்த அமுக்குனீங்க?”

“அதுவா? ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ்ல நாலு வரி வரும். எண்டர் தட்டுனா போயிடும்.”

“எப்பலேர்ந்து வருது?”

“நீ புதுசு போட்டுக் குடுத்த நாள்லேர்ந்து. கம்பெனிக்காரன் விளம்பரம்னு நெனச்சேன்.”

அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். இந்த முறை யாரும் எண்டரைத் தொடவில்லை. அந்த நாலு வரியையும் வாய்விட்டுப் படித்து, தமிழில் சொன்னேன். செருகியிருக்கும் சார்ஜர் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் லேப்டாப் குறைந்த வேகத்தில்தான் ஓடும். அவ்வளவுதான் செய்தி. பதினைந்து நாளாகத் தினமும் காலையில் அது தன் நோயைத் தானே எழுதிக் காட்டியிருக்கிறது. ஈரக் கையோடு வந்து நின்ற அக்கா, “சார்ஜரா?” என்றார்.

அந்தச் சார்ஜர் லேப்டாப்போடு வந்ததில்லை. முதல் சார்ஜர் புகைந்துபோனதும் வேன்கார அண்ணன் எங்கோ மலிவாக வாங்கி வந்தது. அது வரைக்கும் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. ஓ.எஸ். ஏற்றியபோது நான் ஏற்றிய அப்டேட்களில் பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் எழுந்திருக்கும் அடிப்படை மென்பொருளும் ஒன்று. புது பயாஸ் சார்ஜரின் அடையாளத்தைக் கேட்டது, இது பதில் சொல்லவில்லை. அடையாளம் சொல்லாத சார்ஜரில் பேட்டரிக்குச் சார்ஜும் ஏறாது; பேட்டரி எப்போதோ போய்விட்டதால் அதையும் யாரும் கவனிக்கவில்லை. கடையில் மட்டும் ஏன் ஓடியது என்பதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. “சார்ஜர் வேணாம்கா, எங்கிட்டயே இருக்கு” என்று முதல் நாளே சொன்னவள் நான். என்னிடம் இருந்தது அந்தக் கம்பெனியின் அசல் சார்ஜர்.

பையிலிருந்து அதை எடுத்துச் செருகினேன். சோதனை ஓடியது. பழைய ஸ்கோர் வந்தது. பழைய சார்ஜரை மாட்டி இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் அக்கா. விழுந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஒருத்தர் படிக்காம தட்டிட்டாரு, ஒருத்தி சார்ஜரே வேணாம்னுட்டா. நடுவுல நான் டவுனுக்கும் வீட்டுக்கும் இதத் தூக்கினு அலைஞ்சேன்.” அண்ணன் வேனுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் மாலைக்குள் வீடியோ முடிந்து, பெரியவர் பார்த்து, மாடிப்படியை மட்டும் கிழக்கே திருப்பச் சொன்னாராம்.

இப்போது அந்த வீடு மாடியோடு நிற்கிறது. அக்கா அந்த லேப்டாப்பை எப்போதோ மாற்றிவிட்டார். இன்று அவரிடம் இருக்கிற கம்ப்யூட்டர், ஒரு பகல் வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுகிறது. என் கடையில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். வேலை செய்கிறவர் எப்போது வருவார் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. ஒரு இயந்திரம் சரியில்லை என்று யாராவது வந்தால், அது இருக்கும் இடத்தில் போய்ப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது வீடியோ முடிந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர் வேனுக்குச் செங்கம் சாலையில் எந்த வேலையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடும். அன்று அது ஹாரன் அடித்தபடி என் கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே நிற்க இடமில்லாமல் ஆட்கள். “ஆபீசுக்கு நேரமாவுது, எங்கய்யா இட்டுனு வந்துட்ட?” என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்து வேனைப் பார்த்து நின்றார்.

“நான் சொன்ன கடை இதுதான். இந்தப் பொண்ணு எதையும் மாத்தல. நான் வாங்கினு வந்த சார்ஜர்தான் சரியில்ல. எழுதிக் காட்டுச்சு, நான்தான் படிக்கல. அங்க உக்காந்து சொன்னத இங்க நின்னு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க.”

துடைப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். “போதும்ணே, போங்க, அவங்களுக்கு லேட்டாவுது” என்றேன். ஜன்னலோரத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தலையை வெளியே நீட்டி, கடையையும் என்னையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “டிவி ரிமோட்டு பாப்பியாம்மா?” என்று கேட்டார்.

“பாப்பேன்மா, எடுத்துனு வாங்க” என்றேன்.