மீன் பொம்மையின் இரட்டை முகடுகள்

பிளாஸ்டிக் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவளுக்கு வீட்டில் 'மோப்பக்காரி' என்று பெயர். செருப்பைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். அன்று காலை அக்கா வீட்டிலிருந்து ஒரு மீன் பொம்மையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். பல் முளைக்கும் அக்கா மகள் ஓயாமல் கடிக்கும் பொம்மை. அது மெத்தென்று இருந்ததுதான் அவளுக்கு உறுத்தல்.

பிளாஸ்டிக்கை மிருதுவாக்கக் கலக்கும் எண்ணெய்களில் தாலேட் என்ற வகை குழந்தைகளுக்கு ஆகாது. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், பொருள் எந்த அலைகளை விழுங்குகிறது என்று கருவி கோடாக வரைந்து காட்டும். தாலேட் இருந்தால் இரண்டு சின்ன முகடுகள் ஒட்டினாற்போல் எழும்பும்.

பொம்மையின் வாலைக் கருவியில் வைத்து அழுத்தினாள். எழும்பின. அக்காவுக்குப் போன் செய்தாள்.

"பாப்பாவோட மத்த பொம்மையெல்லாம் எடுத்து வச்சிடுக்கா. சந்தேகமா இருக்கு."

"நல்ல கடையாப் பாத்துத்தானேடி வாங்கினேன்," என்றாள் அக்கா.

மனம் கேட்காமல், மென்மையாக்கும் எண்ணெயே தேவைப்படாத பால் பாக்கெட் உறையை வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே முகடுகள்.

"எனக்கும் காலையிலேருந்து எதை வச்சாலும் இதான்பா வருது," என்றாள் பக்கத்து மேசைத் தோழி.

இருவரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அன்றுதான் வந்த புதுக் கையுறைகள், வழக்கத்தைவிட வழவழப்பாக. ஒரு விரலைக் கருவியில் அழுத்தினாள். முகடுகள் முன்னைவிட உயரமாக நின்றன.

கையுறையைக் கழற்றி எறிந்தாள். கருவியை ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பொம்மையின் வாலை வெட்டி, உட்பக்கத்து மெல்லிய சீவலை இடுக்கியால் வைத்தாள். இரட்டை முகடுகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கலந்திருந்தது குழந்தைப் பொருட்களுக்கு அனுமதியுள்ள வேறொரு எண்ணெய். மறுபடியும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பொம்மை மேல தப்பில்ல. என் கையுறையிலேருந்து ஒட்டியிருக்கு."

"போடி, உயிரே போயிட்டு வந்துச்சு."

"பாப்பா என்ன பண்றா?"

"பொம்மை இல்லாம மேசைக் காலைக் கடிச்சிட்டு இருக்கா."

"மரம்தானே, கடிக்கட்டும். மீனுக்கு வாலை வெட்டிட்டேன். வரும்போது புதுசு வாங்கிட்டு வரேன்."

அக்கா சிரித்தாள். அதைக் கேட்டபிறகுதான் அவளுக்குப் பசித்தது.