இன்று நான் கேமரா வைக்கவில்லை

துடியலூர் பேக்கரியில் நண்பன் தன் கிரிக்கெட் பேட்டை என்னிடம் நீட்டினான். "நீயே வெச்சுக்கடா. எனக்கு இனி வேண்டாம்."

அதைத் தொட்டால் சொந்தத் தம்பியையே அடிப்பவன். பத்து நாளாக டியூஷனுக்கும் வரவில்லை. பயந்துபோய் நேராகவே கேட்டுவிட்டேன்: "செத்துப் போயிரலாம்னு நெனைக்கறயாடா?"

அவன் என் சட்டைப் பையை உற்றுப் பார்த்தான். "கேமராவ எங்கடா வெச்சிருக்கற?"

கேமராவை ஒளித்து வைத்து ஊரையே ஏமாற்றி ப்ராங்க் வீடியோ போட்ட எனக்கு இது தேவைதான். போனை அணைத்து அவன் கையிலேயே கொடுத்தேன். இரண்டு டீயும் ஆறிப்போன பிறகுதான் "ஆமாடா" என்றான். அழுதான். நான் ஒரு ஜோக்கும் அடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவன் போனிலிருந்து அவனுடைய அக்காவைக் கூப்பிட்டோம். "அங்கயே இருங்க கண்ணு, இதோ வாரேன்" என்றவர், ஸ்கூட்டியில் வந்து அவனை டாக்டரிடம் அழைத்துப் போனார். பேட்டையும் அவனிடமே கொடுத்தனுப்பினேன்.

"எழுதிக்கடா, பேரு மட்டும் போட்றாத" என்று அவனே சொன்னதால்தான் இந்தப் பதிவு.

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது. என்னை நம்பவே அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. நீங்களெல்லாம் என் அளவுக்குப் பேரைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். இப்படி நேராகக் கேட்டால் உங்களுக்குச் சீக்கிரமே பதில் வரும்.

யாரைக் கேட்கப் போகிறீர்கள்?