சிங்கப்பூர்த் தோட்டத்தில் எடுத்த செண்பகம்

கப்பலில் வேலை பார்க்கும் என் தந்தை, சென்ற கோடை விடுமுறையில் இராயபுரத்திலிருந்து என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பூந்தோட்டத்தில் உதிர்ந்து கிடந்த செண்பகத்தை எடுத்து, நம் ஊர் வழக்கப்படி கூந்தலில் சூடிக்கொண்டேன். உதிர்ந்த பூவை எடுப்பதும் அங்கே குற்றமாம்.

"யார் எடுத்தது?" என்று தமிழ்க் காவலர் ஒருவர் அதட்டினார்.

"நான்தாம்பா எட்த்துக் குட்த்தேன். காலேஜ்ல பட்ச்சுகினு கீற பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்?" என்றார் தந்தை. வழக்கானால் அவருடைய கப்பல் வேலை போய்விடும்.

"இல்லை ஐயா, எடுத்தவள் நான். அறிவிப்புப் பலகையைப் படிக்காதது என் பிழை" என்றேன்.

"காலேஜுப் பிள்ளைக்குப் பலகை படிக்க நேரமில்லையோ?" என்றவர், பூவை மரத்தடியில் வைக்கச் சொல்லி எங்களை விட்டுவிட்டார்.

"நைனாவப் பொய் சொல்ல வுடலியே நீ!" என்று தந்தை பெருமையோடு சிரித்தார்.

இப்போது எந்த ஊர்த் தோட்டமாயினும், வாசல் பலகையை அவருக்கும் கேட்கும்படி வாசித்த பிறகே உள்ளே நுழைகிறேன்.