ஆளில்லாத கரை என்று நான் எழுதிய தாள்

கடலைப் பங்கிடும் கூட்டத்தை மலை நகரான பண்டாரவளையில் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குக் குளிர் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. விடுதியின் நீண்ட மேசையில் கிழக்குக் கரையின் வரைபடத் தாள்கள் விரிக்கப்பட்டிருந்தன. மீன்பிடிக்கு நீலம், உல்லாசப் பயணத்துக்கு மஞ்சள், ஆமைகள் முட்டையிடும் மணலுக்குப் பச்சை, கப்பல் வழிக்குச் சிவப்பு. ஒரே நீரைப் பலர் கேட்கும்போது யாருக்கு எங்கே, எப்போது என்று முன்கூட்டியே தீர்த்துவைக்கும் வேலைக்குக் கடல்சார் இடத் திட்டமிடல் என்று பெயர். புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றுப் பதுளையில் இருந்த என்னையும் அளவையாளர்களில் ஒருவனாகச் சேர்த்திருந்தார்கள்.

ஏழாம் தாள் என்னுடையது. அதில் பொத்துவில் பக்கத்து மணற்கரை ஒன்றுக்கு நான் எந்த நிறமும் இடவில்லை. ‘பாவனையில் இல்லை’, அதாவது யாரும் பயன்படுத்துவதில்லை, என்று எழுதியிருந்தேன். அந்த வெள்ளை இடத்தைத்தான் ஒரு விடுதிக் கம்பனி தன் படகுத்துறைக்குக் கேட்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் ஒப்பமிட்டால் இடம் அவர்களுக்குப் போய்விடும்.

நான் எழுதியது பொய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து மூன்று நாளாகியிருந்தது.

கரைவலைக்குப் பருவம் உண்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். தோணி வலையைப் பெரிய வளைவாகக் கடலில் இறக்கி வரும். அதன் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டத்தார் இழுத்தபடியே ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். அதே காற்று ஊவா மலைகளை உலர்த்திவிடும். தேயிலைக் கொழுந்து குறையும், தோட்டத்தில் வேலை நாட்களும் குறையும். ஆகவே பூனாகலை, ஸ்பிரிங்வெளித் தோட்டங்களிலிருந்து ஆண்கள் வெல்லவாய வழியாகக் கரைக்கு இறங்கிக் கயிறு இழுப்பார்கள். மழைக்கு முன் கருவாட்டு மூட்டைகளோடு மலையேறுவார்கள். புறப்படும்போது, தாங்கள் தங்கிய வாடிக் குடிசைகளின் கூரை ஓலையைப் பிரித்துவிடுவது வழக்கம். கம்புகள் மட்டும் அடுத்த பருவத்துக்காக மணலில் நிற்கும்.

என் அளவைப் பயணம் ஆனியில் நடந்திருக்க வேண்டும். ஆனியில் என் மனைவி பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆவணியில் இறந்தாள். நான் மார்கழியில் போனேன். வாடைக் காற்றில் கடல் புரண்டுகொண்டிருந்தது. கரையில் கம்புகள் நின்றன. ‘கைவிடப்பட்ட குடிசைகளின் எச்சம்’ என்று குறித்துக்கொண்டேன். கொழும்பில் பிறந்த ஒருவர் அப்படி எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்.

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, என் மனைவியின் தம்பி பூனாகலையிலிருந்து என் வீட்டுக்கு வந்தான். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“என்ன மச்சான் இது, கடலுக்கும் மலை நம்பர் போட்டுட்டீங்களா?”

தோட்டத்தில் தேயிலை நிலத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மலை என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதைத்தான் சொன்னான்.

“சரி, நம்ம ஆளுக எந்த மலையில நிக்கிறாங்க, காட்டுங்க பாப்போம்.”

ஏழாம் தாளை எடுத்துக் கொடுத்தேன். கரையோரமாக விரலை நகர்த்திக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

“நாங்க வலை இழுக்கிற எடம் இதுதானே? வெள்ளையா கெடக்கு. சாயம் தீந்து போச்சா?”

“மார்கழியில போனேன். அங்க யாரும் இல்ல.”

“மார்கழியில எவன் இருப்பான்? பேய்கூடக் கம்பளி தேடி மலைக்கு வந்துரும்.” உரக்கச் சிரித்தான். பிறகு தாளை மேசையில் வைத்தான். “அக்கா தவறுன அன்னைக்கி எனக்கு போன் பண்ணுனீங்களே. அப்ப நான் எங்க நின்னேன் மச்சான்?”

அவனே தொடர்ந்தான்.

“கயித்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். எனக்குப் பின்னால இருபது பேரு. நீங்க சொன்னதும் அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன்.”

அவன் வந்து சேர்ந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. செருப்பில்லாமல், முழங்கால்வரை உப்புப் பூத்த கால்களோடு வந்தான். அவளுடைய சவப்பெட்டியைத் தூக்கிய உள்ளங்கைகளில் கயிறு அறுத்த காயம் ஆறாமல் இருந்தது. அத்தனையும் கண்ட நான்கு மாதத்தில் அதே மணலில் நின்று, இங்கே யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

“அந்த எடத்துல படகுத்துறை கட்டுனா?” என்று கேட்டேன்.

“ரெண்டு கயிறும் கிட்டக் கிட்ட வரணும். நடுவுல கல்லும் கம்பியுமா தொற நின்னா வலை கிழிஞ்சி தொங்கும். அங்கிட்டும் இங்கிட்டும் அடியில பாறை. எங்களுக்கு அது ஒண்ணுதான் எடம்.” எழுந்துகொண்டான். “அளந்தது யாருன்னு பயலுக கேட்டா என்னா சொல்ல?”

“நான்தான்னு சொல்லு.”

கூட்டத்தில் ஏழாம் தாளின் முறை வந்தபோது நான் எழுந்து, தாள் தவறானது என்றேன். எந்த மாதம் போனேன், எந்த மாதம் போயிருக்க வேண்டும், மலையிலிருந்து யார் அங்கே இறங்கி உழைக்கிறார்கள் என்பவற்றை வரிசையாகச் சொன்னேன். கடலை இடத்தால் மட்டுமல்ல, காலத்தாலும் பங்கிடலாம் என்றேன். காலையில் வலை இழுத்த நீரில் மாலையில் சுற்றுலாப் படகு ஓடலாம். படகு வந்து போய்விடும். கல்லால் கட்டிய துறை எழுந்து போகாது.

கம்பனியின் பிரதிநிதி நாகரிகமாகவே பேசினார். “உங்கட அறிக்கையை நம்பித்தானே நாங்கள் கேட்டம்?”

“நம்பக்கூடாத அறிக்கை அது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

திட்டத்தின் இணைப்பாளர் யாழ்ப்பாணத்தவர், மென்மையான மனிதர். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சேர், உங்கட நிலைமை எங்கள் எல்லாருக்கும் தெரியும். மிஸிஸ் தவறின நேரம். ஒரு சின்னப் பிழை வாறது இயல்பு, ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம். பின்னிணைப்பில ஒரு குறிப்புப் போடுவம். தாள் இப்பிடியே போகட்டும்.”

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இரக்கத்தோடு தலையசைத்தார்கள். அந்த இரக்கத்தை ஏற்றுக்கொள்வது எளிது. அவளுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்துவிட்டு, அவள் தம்பி நின்ற இடத்தைக் கம்பனியிடம் கொடுத்துவிடுவார்கள்.

“என் மனைவியோட சாவைப் பின்னிணைப்புல போட நான் விடமாட்டேன்” என்றேன். “அவ செத்ததுனால இந்தப் பிழை வரல. எனக்குத் தெரிஞ்சதை நான் எழுதாம விட்டதுனால வந்துச்சு. அது முகப்புலயே இருக்கட்டும்.”

பேனாவை எடுத்து, ஒப்பமிட வேண்டிய கட்டத்துக்கு மேலே, வெள்ளை இடத்தின் குறுக்காக எழுதினேன்: ‘இது தவறு. இங்கே கச்சான் பருவத்தில் கரைவலை இழுக்கிறார்கள். தவறாக அளந்தவன் நானே.’ அதன் கீழே ஒப்பமிட்டேன். அளந்தவனே மறுத்த தாளை மேலிடத்துக்கு அனுப்ப விதிகளில் வழியில்லை. அந்த விதிகளை வகுத்தபோது நானும் இருந்தேன்.

“வேற ஆளை வைச்சு அளக்க வேண்டி வரும், சேர்” என்றார் இணைப்பாளர், தாழ்ந்த குரலில்.

“அளங்க. மார்கழியில மட்டும் வராதீங்க.”

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. என் சேவை இனித் தேவையில்லை. ஏழாம் தாள் ‘பொருத்தமான பருவத்தில்’ மீண்டும் அளக்கப்படும். எந்தப் பருவம் என்று அதில் இல்லை. மாதங்களைப் பெயர் சொல்லி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன்.

பூனாகலைக்குப் போய், இந்த வருடம் நானும் கரைக்கு வருகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“இந்த ஒடம்பை வச்சிக்கிட்டு கயிறு இழுக்கப் போறீங்களா? கயிறுதான் ஒங்கள இழுத்துக்கிட்டுப் போகும்.”

“இழுக்கட்டும். அளக்க வர்றவனுக்கு ஓர் ஆள் கூடுதலாத் தெரியணும்.”

ஆனியில் போகிறேன். அவர்கள் ஆனியில் வராவிட்டால் ஆடிவரை இருப்பேன், ஆடியிலும் வராவிட்டால் ஆவணிவரை. அவளுடைய முதலாண்டுத் திதி அந்தக் கரையில் வந்தாலும் வரட்டும். அங்கேயே கொடுத்துக்கொள்கிறேன்.