மொட்டை மாடியில் காய்ந்த தூள்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போவேன். நைனா, அதாவது என் அப்பா, எங்கள் தெருவை ஒட்டிய உரக் கம்பெனியின் அமோனியா பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். இருமல் அவரைத் தூங்கவிடாது. பீடிதான் காரணம் என்றார் கம்பெனி டாக்டர். நைனா பீடியைத் தொட்டதே இல்லை.

காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக்க அந்தக் கம்பெனிக்குப் பெரும் சூடும் அழுத்தமும் வேண்டும். நான் செய்த மஞ்சள் தூள், நுண்துளைகள் நிறைந்த கரிமப் பொருள். அதைத் தண்ணீரில் கலக்கி, வெளிச்சம் காட்டி, நைட்ரஜனை ஊதினால் சாதாரணச் சூட்டிலேயே அந்த வேலை நடக்கும் என்று நம்பினேன். நடந்துவிட்டால் நைனா மாதிரி ஆட்கள் அங்கே நின்று வேக வேண்டாம். அந்த வெறியில்தான் படித்தேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் காயவைக்கும் இடத்துக்கு எப்போதும் அடிதடி. கழுவிய தூளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டில் பரப்பி, வெள்ளைத் துணி மூடி, மொட்டை மாடியில் அம்மாவின் வத்தலுக்குப் பக்கத்தில் ரெண்டு நாள் வைத்தேன். பிறகு தண்ணீரில் கலக்கி நைட்ரஜனை ஊதினேன். சோதனையில் அந்தத் தண்ணீர் நீலமானால் அமோனியா இருக்கிறது. வந்தது! என் கைடு, ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியர், ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகு சரிபார்க்க, நைட்ரஜனுக்குப் பதில், அமோனியாவே உண்டாக்க முடியாத ஆர்கான் வாயுவை ஊதினேன். அப்போதும் நீலம். கூடத்திலேயே காயவைத்த தூளில் நீலமே இல்லை.

"வீட்டுல காயவெச்சியா? அந்தப் பக்கம் வந்தாலே கண்ணு எரியுமே, உனக்குத் தெரியாதா?" என்றார் கைடு.

தெரியாது. பிறந்ததிலிருந்து கம்பெனியின் அமோனியாவையே சுவாசித்து எங்கள் தெருவுக்கே மூக்கு மரத்துப்போயிருந்தது. தூள் எதையும் உண்டாக்கவில்லை. எங்கள் காற்றைக் குடித்துவிட்டு வந்து கக்கியிருக்கிறது.

"சார், எங்க காத்துல இவ்வளவு அமோனியா இருக்குன்னு அதையே எழுதறேனே" என்றேன்.

"அது நம்ம டாபிக் இல்லம்மா. மாசுபட்டதால கொட்டியாச்சுன்னு ஒரு வரி போட்டுட்டுப் புதுசா செய்."

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அந்த ஒரு வரியைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் நைனா கேட்டார்: "இன்னாம்மா ஆச்சு அந்தத் தூளு?"

"நம்ம காத்துல கெட்டுப்போச்சு நைனா. கொட்டிட்டோம்."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ரெண்டு நாளு மாடில கெடந்ததுக்கே கெட்டுப்போச்சின்ற. நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான கீறேன். என்னை எங்க கொண்டுபோய்க் கொட்டுவே?"